டிரா என்று சொன்ன ஞாயிறு

"இங்கிலீசு பேப்பரப் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியுது. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா கண்ணு?"

மாமா ஒருநாள் அப்படித்தான் கேட்டார். அம்மாவின் அண்ணன். தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டில் பள்ளி இறுதிவரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கோபம் வந்தது. கல்லூரியில் புகுமுக வகுப்பான பி.யூ.சி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அப்பா இன்னும் சரி சொல்லவில்லை.

அந்த வாரம் இங்கிலாந்தில் நம் கிரிக்கெட் அணி அறுபது ஓவர் ஆட்டம் ஒன்று ஆடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் கோயில் வாசலில் நின்றார்கள். பஸ்ஸில் வந்த பேப்பரை அப்பா என்னிடம் நீட்டினார். பொங்கல் சமயம் சென்னையில் நடக்கும் ஐந்து நாள் டெஸ்ட்டை ரேடியோவில் கேட்டே ஆட்டம் பழகியவர். பத்துப் பேரும் அவுட் ஆகாதவரை தோல்வி இல்லை, டிராதான் என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

நான் எண்களை மட்டும் பார்த்தேன். நம் பக்கம் விழுந்தது மூன்றே விக்கெட்.

"டிரா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கேட்டீங்களா? இன்னும் ஏழு விக்கெட்டு கையில இருக்குதுங்க!" என்று அப்பா ஒவ்வொருவரிடமாகச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட வந்த மாமாவிடமும் சொன்னார். மாமா சிரித்ததில் புரையேறியது.

"ஒருநாள் ஆட்டத்துல டிரா ஏதுங்க மச்சான்? ரன்னு கம்மின்னா தோல்விதான். அறுபது ஓவரும் கட்டை போட்டே தோத்திருக்கானுங்க. படிச்ச புள்ள டிராங்குது! இதையா காலேசுக்கு அனுப்பப் போறீங்க? அந்த ஒருநாள் ஆட்டமும் ரெண்டு வருசம் தாங்காது."

அப்பா தலை நிமிரவில்லை. காலையில் ஊருக்கெல்லாம் சொன்னவர்.

பேப்பரை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தோல்வி என்று தெளிவாக இருந்தது. ஐந்து நாள் ஆட்டத்தைப்போல நின்று ஆடிவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. நானும் ஐந்து நாள் கணக்கைத்தானே போட்டேன் என்று அடங்கியது. ஆனால் ஆட்டம் தாங்காது என்று மாமா சொன்னதை ஏற்க முடியவில்லை. களையெடுக்கிறவர்களால் ஐந்து நாள் ரேடியோ பக்கம் உட்கார முடியுமா? ஒரே நாளில் முடிவு தெரிகிற ஆட்டம் நிற்கத்தான் செய்யும். அதை நான் சொன்னால் இனி யார் கேட்பார்கள்?

பொழுது சாயுமுன் விண்ணப்பத்தோடு அப்பா களை கொத்திக்கொண்டிருந்த காட்டுக்குப் போனேன்.

"முழுசாப் படிக்காம சொல்லிட்டேங்கப்பா. நாம தோத்துட்டோம்."

"நீயாப் பாத்தியா, மாமன் சொல்லியா?"

"மாமா சொன்னப்புறந்தான்."

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு விண்ணப்பத்தைக் காட்டி, "இதையாச்சும் முழுசாப் படிச்சியா?" என்றார்.

ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். என் பேனா மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார். நம்பி வைத்தாரா, பேச்சை முடிக்க வைத்தாரா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. திங்கட்கிழமை தர்மபுரிக்குப் போய் விண்ணப்பத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டேன்.