காணிக்கைத் தட்டில் ஒரு குதிகால்

எனக்குக் குதிகால் எலும்பு என்றால் கொள்ளைப் பிரியம். இதைச் சொன்னால் என் கணவரே சற்றுத் தள்ளி உட்காருவார். தஞ்சாவூரில் எலும்பு மருத்துவராக இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட குதிகால் முதன்முதலாகக் கைக்கு வந்த அன்றுதான் மருத்துவமனை வராந்தாவில் குதித்தேன்.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்காக அதை அச்சிடச் சொல்லியிருந்தேன். ஐம்பது வயதுக்காரர், நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். டிரெய்லரில் அடுக்கிய வைக்கோல் கட்டுகளின் மேலிருந்து கீழே குதித்து வலது குதிகாலை நொறுக்கிக்கொண்டிருந்தார். யாராவது வந்து கைகொடுக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். வந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வரப்புல நடப்பனா, டாக்டரம்மா?"

சரியான கேள்வி. தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் நடந்துவிடலாம். வரப்பில் பாதம் இப்படியும் அப்படியும் சாய வேண்டும். அதைச் சாய்த்துக் கொடுப்பது குதிகாலின் மேலுள்ள மூட்டு. எலும்பு கொஞ்சம் பிசகிச் சேர்ந்தாலும் மூட்டு இறுகிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒருவருக்கு உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகட்டை நான் கண் மதிப்பில் வளைத்துப் பொருத்தினேன். அவர் இன்றைக்கும் தன் வயலுக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் இந்த ஏற்பாடு. ஸ்கேனை வைத்து ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு குதிகால்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஒன்று உடைந்தபடியே. இன்னொன்று அவருடைய நல்ல இடது குதிகாலைக் கணினியில் வலதாகத் திருப்பியது. உடையாமல் இருந்திருந்தால் வலது எப்படி இருக்குமோ அப்படி. இந்த முழுக் குதிகாலின் மேல் தகட்டை முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொண்டால், பிறகு தகட்டைச் சுத்திகரித்து அப்படியே உள்ளே பொருத்திவிடலாம்.

வீக்கம் வற்றக் காத்திருந்து, புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று முடிவு செய்தோம். திங்களன்று இரண்டு குதிகால்களையும் கட்டிலருகே கொண்டுபோய், புடவைக் கடைக்காரர் மாதிரி அரை மணி நேரம் அளந்தேன். அந்த அம்மாவின் கணவர் முழுக் குதிகாலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் விளக்கத்தில் மனிதர் மயங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று இரண்டையும் அங்கேயே விட்டுவந்தேன்.

செவ்வாய் மதியம் தகட்டை வளைக்கலாம் என்று போனால், முழுக் குதிகாலைக் காணோம். நர்சுகள் கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். நான் சாப்பாட்டு கேரியரைக்கூடத் திறந்து பார்த்தேன். கல்லூரிக்கு போன் செய்தால், அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, மாலைவரை கரண்ட் கிடையாது என்றார்கள். வந்தாலும் அச்சிட்டு முடிக்க விடிந்துவிடும்.

அப்போது கணவர் நிம்மதியான முகத்தோடு வந்து சேர்ந்தார். அவர்கள் கிராமத்து மாதா கோயிலில் உடம்புக்கு முடியாதவர்கள் கண், கை, கால் என்று வெள்ளித் தகட்டு உருவம் வாங்கிக் காணிக்கை வைப்பது வழக்கம். இவர் குதிகாலை வைத்துவிட்டு வந்திருக்கிறார். டாக்டரே கையில் கொடுத்தால் வேறு எதற்கு என்பது அவர் நினைப்பு.

"அதுலயும் முழுசா இருந்ததத்தாங்க எடுத்தேன். ஒடைஞ்சத யாராச்சும் மாதாவுக்கு வைப்பாங்களா?"

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கோபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். பாதி வழியில் சிரிப்பு பீறிட்டு, வண்டியை வாய்க்கால் ஓரமாக நிறுத்தி முடியும்வரை சிரித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பக்கத்தில் அவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், என் ஓட்டும் லட்சணத்துக்காக இருக்கலாம்.

கோயில் காணிக்கைத் தட்டில் வெள்ளிக் கண்களுக்கும் கால்களுக்கும் நடுவே என் குதிகால் உட்கார்ந்திருந்தது. யாரோ நேர்ந்துகொண்டு முதல் விளைச்சல் சேப்பங்கிழங்கை வைத்திருக்கிறார்கள் என்று ஃபாதர் நினைத்திருந்தாராம். விஷயத்தைச் சொன்னதும் தயங்கினார். காணிக்கையாக வைத்ததைத் திருப்பி எடுப்பது எப்படி என்றார். நான் மூட்டு, தகடு, வரப்பு என்று மூச்சுவிடாமல் பேசிப் பார்த்து, கடைசியில் மாதாவிடம் இரவல் கேட்டுத் தரும்படி கெஞ்சினேன். ஃபாதர் மாதா சொரூபத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வந்தார்.

"இரவல்னா சரி. அந்தம்மா வரப்புல நடந்ததும் கொண்டாந்து வச்சிடணும்."

மெழுகு வழிந்து, குதிகாலோடு ஒரு புதிய வெள்ளிக் கையும் ஒட்டியிருந்தது. கையைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, குதிகாலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புதன்கிழமை தகடு எலும்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. நான் பாடியே விட்டேன். மயக்க மருந்து கொடுப்பவர், நோயாளி விழித்துவிடப் போகிறார் என்றார்.

குறுவை நடவின்போது அந்த அம்மா கூப்பிட்டனுப்பினார். கையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் விறுவிறுவென்று போனார். இரண்டு நல்ல குதிகால்களோடு பின்னால் போன நான்தான் வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கினேன். நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. அவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அப்படியே இருவரும் கோயிலுக்குப் போய் இரவலைத் திருப்பி வைத்தோம். அந்த வெள்ளிக் கை இன்னும் தட்டில் இருந்தது. யாருக்குக் கை முறிந்தது என்று தொழில் புத்தியில் அந்த அம்மாவிடம் விசாரித்தேன்.

"யாருக்கும் முறியலிங்க. அது உங்க கை. காலோட சேத்து எங்க வீட்டுக்காரருதான் வச்சாரு, ஆபரேசன் பண்றப்ப நடுங்கக் கூடாதுன்னு."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. குதிகாலைத்தான் நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கை அந்தப் புதன்கிழமை முழுக்க இங்கேயேதான் இருந்திருக்கிறது.