முறைக்கிற கண்ணுக்குப் பின்னால்

போன ஆவணியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா சாந்தி, என் சித்தி மகள். பந்தியில் குனிந்து என் காதில் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, மாமா எதுக்கு என்னைய முறைச்சு முறைச்சுப் பாக்கறாரு? பத்திரிகைய வாட்ஸ்அப்புல அனுப்புனதுக்குக் கோவமுங்களா?”

என் கணவருக்கா, கோபமா? சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? திரும்பிப் பார்த்தேன். இடது கண் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது.

தினமும் பார்க்கிற முகம்... எனக்கு எப்படித் தெரியாமல் போனது? கூடவே இருப்பவர்களிடம் நாம் பேசுகிறோம், சண்டை போடுகிறோம் — பார்ப்பதுதான் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

வீட்டுக்கு வந்ததும் போனில் பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். போன வருஷத்திலிருந்தே கண் கொஞ்சம் கொஞ்சமாக...

“ரோட்டுத் தூசி புள்ள. வலியே இல்ல” என்றார். வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சேலத்தில் கண் டாக்டரம்மா அவர் பின்னால் போய் நின்று, தலைக்கு மேலிருந்து குனிந்து இரண்டு கண்களையும் பார்த்தார். பழைய போட்டோக்களையும் வாங்கிப் பார்த்தார். “தைராய்டு இருந்தாலும் இப்படித் தள்ளும்” என்று ரத்தப் பரிசோதனை. தைராய்டு இல்லை. அடுத்து ஸ்கேன். கண்ணுக்குப் பின்னால், குழிக்குள், ஒரு கட்டி.

“கேன்சருங்களா?” — கேட்டது நான். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா பார்வை நரம்பை அழுத்துது. எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.”

மாதிரி! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லேப் முடிவு வரவில்லை. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன். அவரோ கண்ணில் கட்டோடு போனில் டிரைவர்களுக்கு லோடு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்குப் பயமே இல்லீங்களா?” என்று கத்திவிட்டேன்.

போனைக் கீழே வைத்தார். “பேச்ச நிறுத்துனா அதே நெனப்பா வருது புள்ள.”

அதற்கப்புறம் நானே போனை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான், பார்வைக்கும் சேதமில்லை. அவர் நிம்மதியாக ஆபீஸ் போகிறார். நான்தான் இன்னும் எல்லோர் கண்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று பால்காரரிடம், “கொஞ்சம் நேராப் பாருங்க” என்றேன்.

இன்று பாலை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்!