இடது கால் துடுப்பு

அவரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் இறங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிற முக்குளிப்பு வேலை. முதுகில் சிலிண்டர், வாயில் காற்றுக்குழாய், காலில் ரப்பர் துடுப்பு. எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம், ஏறும்போது எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில் அரை நிமிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கூட இறங்கியவர் பசி தாங்காமல் மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினால், இவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் நேரக் கருவியைக் காட்டுவார். பெயர் சும்மா வரவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் அது வந்தது. வேலை முடிந்து மேலே வந்து, படகில் ஏறி அரை மணி நேரத்தில் தோள் குடைந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. சோடா பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்த மாதிரி, ஆழத்திலிருந்து ஏறியதில் உடம்புக்குள் காற்றுக் குமிழி வந்துவிட்டது என்றார் டாக்டர். இரும்பு உருளை போன்ற ஓர் அறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, அழுத்தத்தை ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஆறு மணி நேரம். மறுநாள் இன்னொரு தடவை. நான்காம் நாள் தன் காலாலேயே நடந்து வீட்டுக்கு வந்தார்.

பார்க்க வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்ன தப்புப் பண்ணினீங்க?" கம்பெனியும் அவர் கைக்கருவியில் பதிவாகியிருந்த நேரத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தது. ஒரு தப்பும் இல்லை. ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கும் சில சமயம் வரும் என்றார் டாக்டர். அதுதான் அவருக்குச் செரிக்கவில்லை. தப்பு இருந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லாத தப்பை எங்கே போய்த் திருத்துவது? கோபம் கோபமாக வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

குமிழி போய்விட்டது, ஆனால் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இடது பாதம் கணுக்கால்வரை மரத்தே கிடந்தது. ஒருநாள் ரொட்டிக் கடைவரை போய் நின்றவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னொரு செருப்பு வீட்ல தூங்குதா?"

குனிந்து பார்த்தார். வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடதுகால் செருப்பு தெருமுனையில் கிடந்தது. எப்போது கழன்றது என்று அவருக்குத் தெரியாது. கடைக்காரரோடு சேர்ந்து தானும் சிரித்துவைத்தார். வீட்டில், வார் அறுந்துபோச்சு என்றார். அவர் மனைவிக்குச் செருப்புக் கடையில்தான் வேலை. செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வார் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்த செருப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். "தள்ளுபடியில கெடச்சுது" என்றாள். அவரும் நம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, மறுபடி தண்ணீரில் இறங்கத் தகுதிச் சீட்டுக் கேட்டுப் போனார். பாதத்தில் மரப்பு இருந்தால் சீட்டுக் கிடையாது. சீட்டு இல்லாவிட்டால் கப்பலடி வேலை இந்த ஜென்மத்துக்குக் கிடையாது. கண்ணை மூடச் சொல்லி டாக்டர் உள்ளங்காலில் ஊசி முனையாலும் பஞ்சாலும் மாறி மாறித் தொட்டார். குத்துதா, தொடுதா என்று சொல்ல வேண்டும். ஊசியை எடுக்கும்போது எவர்சில்வர் தட்டில் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், பஞ்சுக்குக் கேட்காது. கடிகாரம் காதாலேயே பரீட்சை எழுதி முழு மார்க் வாங்கிவிட்டார். டாக்டர் சீட்டில் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். இனி, கூட வேலை செய்கிறவர் ஒருவர் குளத்தில் இறக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட வேலை செய்கிறவன் அவருடைய மனைவியின் தம்பிதான். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஜோடியாகவே இறங்குகிறார்கள்.

பயிற்சிக் குளத்தின் ஓரத்தில் வழக்கம்போல் ஒருவர் மற்றவரின் பெல்ட்டையும் வால்வையும் முகமூடியையும் சரிபார்த்தார்கள். கடைசியில் கேட்க வேண்டியதை அவன் கேட்டான்.

"எல்லாம் சரியா மாமா?"

"சரி."

டாக்டரிடம் சொன்ன பொய் உறுத்தவில்லை. இது உறுத்தியது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இருவரும் இதுவரை பொய் சொன்னதில்லை.

இறங்கினார். தண்ணீர் பட்டதும் மூன்று மாதக் கோபமும் கரைந்துபோனது. மூன்றாவது சுற்றில் உடம்பு இடதுபக்கமாகவே ஒதுங்கியது. நீரோட்டம் இழுக்கிறது என்று நினைத்தார். குளத்தில் ஏது நீரோட்டம் என்று உறைப்பதற்குள் சுவர் வந்துவிட்டது. தலையைத் தூக்கினார். மச்சினன் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஒரு ரப்பர் துடுப்பு.

"அடியில கெடந்துது மாமா."

அவர் தன் இடது காலைப் பார்த்தார்.

"வார் லூசா இருந்திருக்கும்" என்றான் அவன். "எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நடக்கும். ஆனா, கழண்டா தெரியும்."

அவன் பைக்குள்ளிருந்து சீட்டையும் பேனாவையும் எடுத்தான். "நான் ஒண்ணும் பாக்கல. அக்காகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன். "போடு மாப்ள, போடு! திங்கக்கிழமை நாம ரெண்டு பேரும்தான் கீழ எறங்குறோம்!"

சந்தோஷத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் இருவர் காதிலும் விழுந்தது. பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. அவன் துடுப்பைப் பார்த்தான். கீழே அவன் கயிற்றிலோ வலையிலோ சிக்கினால் வந்து அறுத்துவிட வேண்டியது இவர்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. அக்கா வீட்டுக்காக அதையும் விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறான் என்பதும் தெரிந்தது. கடிகாரத்துக்கு வெட்கமாக இருந்தது.

"குடு இங்க" என்று சீட்டை வாங்கினார். 'தகுதி உண்டு, இல்லை' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'உண்டு' என்பதைக் கோடு போட்டு அடித்தார். ஈரக்கையில் மை கொஞ்சம் கலைந்தது. "முன்னாடி சரின்னு சொன்னேன் பாரு, அது பொய். இப்ப போடு."

அவன் போட்டான். துடுப்பைத் துடைத்து அவர் பையில் வைத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் அவர் காலிலிருந்த செருப்பைக் காட்டினாள்.

"பின்னாடி வார் வெச்ச செருப்பு எதுக்கு வாங்கிட்டு வந்தேன்னு நெனச்சீங்க?"

"தள்ளுபடின்னு சொன்னியே."

"முழு வெல."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்."

அவள் குனிந்து, அவர் இடது செருப்பின் வாரை ஒரு துளை தள்ளி மாட்டினாள்.

"இறுக்கமா இருக்கா?"

"தெரியல" என்றார்.