இடாப்பில் ஒரு பெயர்

பத்தாம் வகுப்பின் மொனிற்றர் பெண் வரவு குறிக்கும் இடாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நீல மட்டை, ஓரம் கிழிந்தது. அதைத் தலைகீழாகத் திறந்துவிட்டேன். அவள் கண்டும் காணாதவள்போல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். ஒன்பது வருடம் இந்தியாவில் அகதி முகாமில் கிடந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியிருந்தேன். சண்டை முடிந்தபாடில்லை. ஆசிரியர்கள் போதாதென்று அந்தப் பெண்கள் பாடசாலையின் அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் என்னை மதிப்பார்களா, படிப்பிக்க மறந்துபோயிருக்குமா என்ற பயம்தான் எனக்கு. ஊரின் பயம் வேறு என்பது அப்போது தெரியாது.

அதிபர் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாடத்தைப் படிப்பியுங்கோ. பிள்ளையளிட்ட வீட்டுக் கதை மட்டும் கேளாதேங்கோ." எனக்கு அது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நானே வீடு தேடிப் போவேன். நல்ல ரீச்சர் என்று பெயர் எடுத்ததே அதனால்தான். அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டேன்.

இரண்டாம் கிழமை ஒரு பிள்ளை வரவில்லை. கேட்டால் வகுப்பு முழுக்கக் "காய்ச்சல் ரீச்சர்" என்றது. நாலாம் நாள் பாடசாலை விட்டதும் சைக்கிளில் லிங்கநகரில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். படலையில் நின்று, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிர் மதகில் குந்தியிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாய் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாதேங்கோ ரீச்சர், மதகில இருக்கிறவை ஆமிக்குச் சொல்லிடுவினம். அவ எங்க எண்டு எங்களுக்கே தெரியாது. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் எண்டு வெளிக்கிட்டவ. இல்லையெண்டு தெரிஞ்சா, இயக்கத்துக்குப் போயிட்டா எண்டு சொல்லித் தகப்பனைக் கொண்டுபோயிடுவினம்."

திரும்பும் வழியில் அந்த மதகைத் தலை குனிந்தபடி தாண்டினேன். என் வாயால் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று அழுதேன்.

மறுநாள் இடாப்பை வாசிக்கையில் அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். மொனிற்றர் பெண் கிட்ட வந்து, மெதுவாகச் சொன்னாள். "அவட பேரையும் வாசியுங்கோ ரீச்சர். விட்டா எல்லாருக்கும் விளங்கிடும்." வாசித்தேன். விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இடாப்பைத்தான். பேனையை எடுத்து, அவள் வந்திருப்பதாக அடையாளமிட்டேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லாரும் புத்தகத்தைத் திறந்தார்கள். அன்று தொடங்கி வருட முடிவு வரை, ஒவ்வொரு காலையும் வாசலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யை எழுதினேன். தகப்பனை ஒருவரும் கொண்டுபோகவில்லை.

பரிசளிப்பு விழா வந்தபோதுதான் என் மடைத்தனம் தெரிந்தது. சுற்றிவளைப்பு, தெருச் சோதனை என்று மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் நாட்கள் தவறியிருந்தன. ஆகக் கூடிய வரவு அவளுக்குத்தான்; அதற்கொரு பரிசு உண்டு. அதிபர் அம்மா பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இனிப் பேரை எடுக்க ஏலாது," என்றார். எடுத்தால் ஏன் என்று கேள்வி வரும்.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லித் தாய்தான் ஏறி வாங்கினார். சபை கைதட்டியது. இறங்கி வந்தவர், பரிசுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று குனிந்தார்.

"ரீச்சர், அதுக்குப் பிறகு ஒரு நாளெண்டாலும் உண்மையா வந்தவவோ?"

நான் எழுந்து என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன்.