பஞ்சுவின் இடது பக்கம்

என் தங்கை வீட்டுக்காரர் எலி பிடிக்கிறவர். இப்படிப் பட்டென்று சொன்னால் தங்கைக்குப் பிடிக்காது. "பூச்சி, எலி ஒழிக்கிற கம்பெனியில சூப்பர்வைசர்னு சொல்லேன் அண்ணா, வாய் வலிக்குமா?" என்பாள். சூப்பர்வைசர்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அடுத்தவர் வீட்டு அலமாரிக்கு அடியில் குப்புறப் படுத்து டார்ச் அடிக்கிறவரும் அவரேதான்.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. எலி புகுந்த வீடு அதை வெளியே சொல்லாது. சாப்பாட்டுக் கடைக்காரர் செத்தாலும் சொல்ல மாட்டார். அதனால் கம்பெனி கொடுத்த சீருடையை மாப்பிள்ளை போட்டதே கிடையாது. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சாதாரணத் தோள்பையோடு, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி பின்வாசல் வழியாகப் போவார். இப்படியே வருஷக்கணக்காகப் போய்வந்ததில் ஊரார் வெட்கமெல்லாம் இவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கல்யாண வீட்டில் யாராவது "என்ன பண்றீங்க?" என்று விசாரித்தால் போதும், மனிதர் கை கழுவ எழுந்து போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாப்பிள்ளை, நீங்க என்ன திருடவா செய்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அதில்ல மச்சான்" என்றார். உடனே கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் செய்கிற சேட்டைக்கு வாலு என்று நான் வைத்த பெயர்தான் வீட்டில் நிலைத்தது. அப்பா ஆபீசுக்குப் போகிறார் என்பது மட்டும்தான் வாலுவுக்குத் தெரியும். வேலைப்பை வீட்டுக்குள் வராது. மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேலே வருவார். இதில் கூத்து என்னவென்றால், வாலு படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே ஒவ்வொரு பெரிய லீவிலும் எலி பிடிக்கப் போகிறவர் இவர்தான். பின் கேட் வழியாகப் போய் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்துவிட்டு வருவார். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை இவரைப் பார்த்தால் யாரோ எவரோ என்று பார்ப்பார். இவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் வகுப்புக்கு ஒரு பிராணி வளர்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர வேண்டுமாம். வாலுவின் வகுப்புக்கு வாய்த்தது ஒரு வெள்ளெலி, பெயர் பஞ்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூண்டோடு ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்ததோ இல்லையோ, பெற்றவர்களுக்குத் தூக்கம் போனது.

வாலுவின் முறை வந்தது. கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சுவுக்கு ஏதாவது ஆனால் உன்னோடு யாரும் பேச மாட்டோம் என்று வகுப்பே சொல்லி அனுப்பியிருந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாராம். தன் கையில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்று அதைக் கொன்றுவிடுமோ என்று பயம். ஓரமாகவே நின்றவரின் உள்ளங்கையில் வாலுதான் பஞ்சுவைத் தூக்கி வைத்தாள்.

எனக்கு போன் வந்தது. "அது என்னைப் பாத்து ஓடலை மச்சான். கையிலயே உக்காந்து மூஞ்சியைத் தொடச்சுக்குது" என்றார். அத்தனை சந்தோஷத்தை அந்தக் குரலில் நான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அழுகைச் சத்தம். கூண்டில் காகிதம் மாற்றிய வாலு கதவின் கொக்கியைப் போட மறந்திருக்கிறாள். பஞ்சுவைக் காணோம். கீழ்வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்.

"தின்ன ஏதாவது வச்சுட்டுக் காத்திருக்கலாமே" என்றேன்.

"அதுக்குள்ள சமையலறைக் குழாய் ஓட்டை வழியா இறங்கிடும் மச்சான். சுவரோரமாத்தான் போகும், ஓட்டையைத்தான் தேடும். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும்தான். படியில் தடதடவென்று இறங்கினார். மரப்பெட்டியைத் திறந்து பசை அட்டை ஒன்றை எடுத்து வந்தார். எலி கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதனால் நகர முடியாது.

"என்னங்க இது, இதையா வைக்கிறது?" என்று தங்கை பதறினாள்.

"பக்கத்துலயே இருக்கேன். ஒட்டின உடனே எண்ணெய் தடவி எடுத்துருவேன். ஒண்ணும் ஆகாது."

வாலுவை உள்ளறையில் இருக்கச் சொல்லிவிட்டு, குழாய் ஓட்டைக்கு முன்னால் அட்டையை வைத்து, அதன் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் தங்கையும் சமையலறை வாசலில் அசையாமல் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சு வந்தது. சுவரோரமாக வரவில்லை, ஓட்டையைத் தேடியும் வரவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பார்த்ததும் நேராக அவரிடம் வந்தது. நடுவில் அட்டை இருந்தது.

பாவி மனிதர், கையை நீட்டியிருந்தால் ஏறியிருக்கும். ஆனால் ஆளைக் கண்டு ஓடாத எலியை அவர் முந்தின நாள்தானே பார்த்தார்? பிழைப்பெல்லாம் ஓடுகிற எலியோடுதான்.

அது கத்திய கத்தலில் உள்ளறைக் கதவு திறந்துவிட்டது. மாப்பிள்ளை எண்ணெயை ஊற்றி, விரல் நுனியால் ஒவ்வொரு காலாக விடுவித்தார். பழகின கை, மளமளவென்று வேலை செய்தது. ஆனாலும் பஞ்சு துடித்த துடிப்பில் இடது பக்கத்து ரோமம் மொத்தமும் அட்டையோடு போய்விட்டது. வெளிர்சிவப்புத் தோலில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது.

வாலு பஞ்சுவைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல தினமும் இதான் பண்ணுவீங்களா அப்பா?"

அவர் குனிந்தபடியே பஞ்சுவின் காலில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். அவர் வெட்கப்பட்டதற்கெல்லாம் அதட்டியவன் நான். அன்றைக்கு எனக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் கூண்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். பஞ்சு பிழைத்துக்கொண்டது. அவரைக் கண்டால் மட்டும் கூண்டின் மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டது.

"பூனை பிறாண்டிருச்சுன்னு சொல்லிடுவோம்" என்றாள் தங்கை.

"வேண்டாம். நானே ஸ்கூலுக்கு வந்து உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார் மாப்பிள்ளை.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். ஒரு கையில் கூண்டு, மறு கையில் மகள். முன் கேட் வழியாகவே போனார்கள். வகுப்பில் கூண்டை மூடியிருந்த துணியை டீச்சர் விலக்கியதும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அதற்குள் வாலு முந்திக்கொண்டாள்.

"கீழ்வீட்டுப் பூனை பிறாண்டிருச்சு மிஸ். எங்கப்பாதான் அதை விரட்டிட்டுப் பஞ்சுவைக் காப்பாத்தினாரு."

சொல்லும்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் அவ அப்பாவுக்குக் கை தட்டுங்க" என்றார். வகுப்பு முழுக்கத் தட்டியது.

"நிறுத்தச் சொல்லணும்னு நினைச்சேன் மச்சான்" என்றார் பிற்பாடு என்னிடம். "சொன்னா அத்தனை பேர் முன்னாடி அவ பொய் சொன்னவளாயிடுவா. தட்டி முடிக்கிற வரைக்கும் நின்னேன். பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு."

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் தலைமையாசிரியை. மாப்பிள்ளையின் முகத்தை அந்த அம்மா முதல்முறையாக நேராகப் பார்த்தார். அக்கம்பக்கம் கண்ணை ஓட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்டோர் ரூம்ல மறுபடியும் எலி வந்திருக்கு. லீவுல வந்துடுங்க, வழக்கம்போல."

"சரிங்க மேடம்."

தலைமையாசிரியை போனதும் மாப்பிள்ளை திரும்பினார். பஞ்சுவின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வாலு நின்றிருந்தாள். எல்லாமே காதில் விழுந்திருக்கிறது. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"பின் கேட் வழியா போயிடுங்கப்பா. முன்னாடி எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் அப்படியே போனார்.