ரெத்தினம் கடை ஊதா விளக்கு

ரெத்தினத்துக்குச் சொந்தமாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைத்தெருவில் இருந்த உரக்கடை, மாமனார் வைத்துக் கொடுத்தது. கட்சியில் கிளைச் செயலாளர் பதவி, மைத்துனன் வாங்கித் தந்தது. கோயில் நிலத்தை வேறொருவன் பெயரில் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷம் தின்றார். விவசாயத் தொழிலாளர் சங்கம் கொடி நட்டு, வழக்காடி, அந்த நிலத்தை உழுகிறவர்களுக்கே வாங்கிக் கொடுத்தது. ஒருநாளும் சேற்றில் கால் வைக்காத மனிதர், “என் வயித்துல அடிச்சிட்டானுவ” என்று தெருவில் நின்று அழுதார்.

கள்ளநோட்டுப் பேச்சு பரவிய வருஷம் கும்பகோணம் போய் ஒரு மெஷின் வாங்கி வந்தார். தகரப் பெட்டிக்குள் ஊதா விளக்கு, அவ்வளவுதான். நல்ல நோட்டு அதனடியில் மங்கலாய்த் தெரியும், கள்ளநோட்டு பளிச்சென்று மின்னும். பெரிய வீட்டுக்காரர்கள் நோட்டு நீட்டினால் நேரே கல்லாவுக்குப் போகும். நிலம் கிடைத்த காலனி ஆட்கள் நீட்டினால் விளக்கைப் போடுவார். கரண்ட் இல்லையென்றால் வரும்வரை அவர்கள் வெயிலில் நிற்க வேண்டும்.

யூரியா வாங்க வந்த காலனி நீலாம்பாளின் ஐந்நூறு ரூபாய் நோட்டு, புருஷன் சட்டைப்பையோடு துவைபட்டிருந்தது. விளக்கடியில் அது முழுக்க வெள்ளையாய் மின்னியது.

“கள்ளநோட்டு! சங்கத்துலயே அச்சடிக்கிறீங்களா?”

கூட்டம் கூடியது. திருடியைக் கொண்டுபோவதுபோல் அவளை முன்னால் நடக்கவிட்டு, சைக்கிளில் பின்னாலேயே பேங்குக்குப் போனார்.

கேஷியர் லியாகத் அலி நோட்டைத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல நோட்டுதாங்க. சோப்புத்தூள்ல வெளுப்புக்குப் போடுற மருந்து ஏறியிருக்கு. அதான் மின்னுது.”

“மெஷின் சொன்னதத்தானே நான் சொன்னேன்” என்றார் ரெத்தினம்.

“பெரிய வீட்டு நோட்டப் பாத்தா மட்டும் உங்க மெஷினு கண்ண மூடிக்குதே, அது ஏங்க?” என்று நீலாம்பாள் கேட்டாள்.

“இந்தா, நோட்டப் புடி. யூரியா வேணுமா, வேணாமா?” அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அவள் வேறு கடைக்குப் போனாள். காலனியே அவள் பின்னால் போனது. ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள்தான் என்பது அப்புறம்தான் ரெத்தினத்துக்கு உறைத்தது. பெரிய வீடுகள் கடன் சொல்லின. கேட்கப் போனால் நாயை அவிழ்த்துவிட்டன. இரண்டாம் போகமான தாளடி நடவுக்குள் மூட்டையிலேயே யூரியா கட்டிதட்டிப் போயிற்று.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கும்பிட்ட கையோடு ஓட்டுக் கேட்டு அவள் வயலுக்கே வந்து, “நீலாம்பா, நீ எனக்குத் தங்கச்சி மாதிரி” என்றார்.

அவள் குனிந்த தலை நிமிராமல் நாற்றை ஊன்றினாள். “வரப்ப மிதிக்காதீங்க. இப்பதான் சேறு வச்சு அணைச்சது.”

ரெத்தினம் கும்பிட்ட கையை இறக்காமலே அடுத்த வயலைப் பார்த்து நடந்தார்.