தண்ணீர் குடித்த வள்ளம்

சுவிஸில், ரெனான் நகரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இன்று வீதிக்குத் தார் போடுகிறார்கள். அயலில் எல்லோரும் யன்னலைச் சாத்திவிட்டார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அது ஒரு கறுத்த வள்ளத்தின் மணம். அந்த வள்ளத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் ஆரணி படிக்கிற காலத்தில், ஸ்டாஜ் என்கிற வேலைப் பயிற்சி செய்யவென்று ஏரிக்கரைக் கொட்டில் ஒன்றுக்குப் போகத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் வங்கி, மருந்துக்கடை என்று போக, இவள் தலைமயிரெல்லாம் தார் மணக்க வருவாள். அங்கே ஓவன் என்ற ஐரிஷ்காரர் ஒரு பழைய மரவள்ளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். கடலில் ஓடவேண்டியது கடலே இல்லாத நாட்டுக்கு ஏன் வந்தது? பெண்சாதி சுவிஸ்காரி, அதனால் லொறியில் ஏற்றி வந்தாராம். கலியாணம் கட்டி வருகிறவர்கள் ஊரிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டு வருவார்கள். வள்ளமா?

"அந்தாள் என்ன வேலை செய்யிறார்?"

"வள்ளம் திருத்துறார்."

"அது ஒரு வேலையோ?"

"அம்மா, நீங்கள் பொலிசிலை சேர்ந்திருக்கலாம்."

ஒருநாள் நேரே போய் விசாரித்தேன். என் பிரெஞ்சும் அவர் பிரெஞ்சும் ஒரே அளவு உடைசல் என்பதால் நன்றாகவே கதைத்தோம். மரம் முளைக்காத கல்லுத் தீவுகளுக்கு எரிபொருள் ஏற்றிய வள்ளமாம். சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகள். திரும்பும்போது மாடுகள் வருமாம். அதன் வயிறு நன்றாகப் புடைத்து, மேலே வரவர உள்நோக்கி வளைந்திருந்தது. இப்படியொரு வயிற்றில் கரி மட்டுமா ஏற்றியிருப்பார்கள்?

"கள்ளச்சாராயமும் ஏற்றினார்களோ?" என்று கேட்டேன்.

"நிறைய," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பலகைகளின் இடுக்குகளில் சணல் நாரை அடித்து இறுக்குவதுதான் ஆரணியின் வேலை. எல்லாம் முடியும் தறுவாயில் மெல்லக் கேட்டாள்: "முதல் ஓட்டத்துக்கு நானும் போகட்டோ அம்மா?" வள்ளத்தை ஏரியில் இறக்கும் நாளில், வேண்டாம் என்று சொல்லிக் கையோடு அவளைக் கூட்டி வரத்தான் போனேன்.

பாரந்தூக்கி வள்ளத்தை அகலமான பட்டிகளில் தாங்கியபடி தண்ணீரில் இறக்கியது. ஆரணி உள்ளே நின்றாள். ஓவன் கரையிலிருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பலகைகளுக்கு இடையால் தண்ணீர் வரத் தொடங்கியது. அவள் கணுக்கால் மறைந்தது. பிறகு முழங்கால். மனிதர் அடுத்த கடி கடித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஏரி தெரியவில்லை. அவள் வயதில், சண்டைக்குத் தப்பி, நான் மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு ஏறிய வள்ளம்தான் தெரிந்தது. பால்மா பேணி, சோற்றுச்சட்டி என்று கையில் கிடைத்ததால் எல்லோரும் தண்ணீர் இறைத்தோம். "கை ஓய்ந்தால் முடிஞ்சுது" என்று ஓட்டி கத்திக்கொண்டே வந்தான்.

வாளியொன்றைத் தூக்கிக்கொண்டு சப்பாத்தோடு உள்ளே குதித்து இறைக்கத் தொடங்கினேன்.

"அம்மா, இறைக்காதேங்கோ! அது குடிக்கோணும்!"

"ஆர் குடிக்கிறது? விசரி, ஏறு மேலே!"

வருடக்கணக்காகக் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடுமாம். அதுவரை பட்டிகள் தாங்கும். வேண்டுமென்றே விட்ட தண்ணீரைத்தான் நான் வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓவன் பாணைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அதையும் யோசித்தேன்.

"ஏன் இப்பிடி நடுங்குறியள்?" என்றாள் ஆரணி.

அந்தக் கடலைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி சொன்னேன். கேட்டு முடித்தவள், "அப்ப நான் போகேல்லை அம்மா," என்றாள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்ட பிறகு அவளைக் கையோடு கூட்டிப்போக மனம் வரவில்லை.

அடுத்த நாள் போய் வள்ளத்தின் உட்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். ஒழுக்கு நின்றிருந்தது. "போயிட்டு வா," என்றேன். "மிதவைச் சட்டை போடாமல் ஏறினால் காலை முறிப்பன்."

அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. ஓவன் வள்ளத்தோடு தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆரணிக்குப் பாசல் நகரில் வேலை. எங்கே போனாலும், போய் வந்த பிறகுதான் படம் அனுப்புகிறாள். என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிற ஒரு பிள்ளை இந்த வீட்டில் இருந்தாள். அவள் எப்போது போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்வேன். அது தெரிந்துதான் கேட்காமல் விடுகிறாளோ என்று எனக்கொரு சந்தேகம்.